கப்பியின் வாலும் நிறமும் மூன்றாம் தலைமுறையில் எங்கே போகின்றன?

கேள்வி: போன வருடம் கடையில் ஃபுல் ரெட் கப்பி, அதாவது உடம்பு முழுக்கச் சிவப்பான கப்பி மீன், ஒரு ஜோடி வாங்கினேன். முதலில் பிறந்த ஆண் குட்டிகள் அப்பாவைப் போலவே இருந்தன. இப்போது மூன்றாவது தலைமுறை. வால் சிறுத்து, சிவப்பு வெளுத்து, சாக்கடையில் திரியும் கப்பி மாதிரி ஆகிவிட்டன. எல்லாம் ஒரே மூன்றடித் தொட்டியில்தான் இருக்கின்றன. கடையில் ஏமாற்றிவிட்டார்களா? புது ஆண் ஒன்று வாங்கி விட்டால் சரியாகுமா? வீட்டிலேயே ஒரு நல்ல லைன், அதாவது தலைமுறை தலைமுறையாக ஒரே மாதிரி வருகிற வம்சம், உருவாக்க முடியுமா?

பதில்:

முடியும். அதற்குப் பண்ணை தேவையில்லை. நிழலான இடத்தில் எட்டுப் பத்து டப் வைக்க இடம், ஒரு ஏர் பம்ப், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு வருடப் பொறுமை, இவ்வளவு போதும். கடைக்காரர் ஏமாற்றினாரா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மீன்கள் இந்த நிலைக்கு வர அவர் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. உலகத்திலேயே நல்ல ஜோடியை வாங்கி வந்திருந்தாலும், எல்லாத் தலைமுறையையும் ஒரே தொட்டியில் விட்டால் இப்படித்தான் முடியும்.

நீங்கள் எந்த மீனையும் தேர்ந்தெடுக்கவில்லை, ஆனால் தொட்டி தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்தது. ஆண் கப்பி பருவத்துக்கு வந்ததும் அதன் உடல் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். ஒரே ஈட்டில், அதாவது ஒரே பிரசவத்தில், பிறந்த ஆண்களில் எது சீக்கிரம் பருவமடைகிறதோ அது சின்ன உடம்போடு நின்றுபோகும், ஆனால் பெண்களை முதலில் துரத்துவதும் அதுதான். இன்னும் இரண்டு மாதம் வளர்ந்து அகலமான வாலோடு வரவேண்டிய அதன் சகோதரர்கள் குட்டியாகத் திரியும்போதே பெண்கள் சினையாகிவிடும். பிறகு அந்தப் பெரிய ஆண்கள் தயாரானாலும், அத்தனை பெரிய வாலை வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பெண்ணை நெருங்குவது அவற்றுக்குக் கஷ்டம். சின்ன வால்காரன் பின்னாலிருந்து வந்து ஒரு நொடியில் வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவான். இப்படி ஒவ்வொரு தலைமுறையிலும் சீக்கிரம் பருவமடைகிற, சின்ன, சுறுசுறுப்பான ஆண்களே அப்பாவாகின்றன. மூன்று தலைமுறை அதற்குத் தாராளம்.

கப்பி எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் செய்த ஆய்வு நல்ல சாட்சி. கப்பியின் சொந்த ஊர்களில் ஒன்றான டிரினிடாட் தீவில், பெரிய வேட்டை மீன்கள் இருக்கும் ஓடையிலிருந்து சுமார் 200 கப்பிகளை எடுத்து, அந்த வேட்டை மீன்கள் இல்லாத ஒரு கிளை ஓடையில் 1976இல் விட்டார். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, விட்ட இடத்து ஆண்களில் வண்ணப் புள்ளிகள் கூடியிருந்தன. பளிச்சென்று இருந்தால் தின்னப்படும் என்ற பயம் அங்கே இல்லை, பெண்களுக்கோ பளிச்சென்ற ஆண்களைத்தான் பிடிக்கும். 1980இல் வெளியான அந்த ஆய்வைப் படித்த பிறகு, என் வீட்டு டப்களை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. எந்த ஆண் எந்தப் பெண்ணிடம் போகிறது என்பதை யார் முடிவு செய்கிறாரோ அவர் கையில்தான் லைன் இருக்கிறது.

அந்த முடிவை உங்கள் கைக்குக் கொண்டுவர முதல் படி, பெண்களைச் சீக்கிரம் பிரிப்பது. மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்து இதைக் கோட்டைவிட்டால் பலன் கிடையாது. பெண் கப்பி ஒரு முறை சேர்ந்தால் விந்தை உடம்புக்குள் பல மாதங்கள் சேமித்து வைத்து, அதிலிருந்தே மாதம் ஒரு ஈடாகப் பல ஈடு குட்டி போடும். பல ஆண்களோடு சேர்ந்திருந்தால் ஒரே ஈட்டுக் குட்டிகளுக்கே அப்பா வேறு வேறாக இருக்கலாம். அதனால்தான் கடையில் வாங்கிய பெண் போடும் குட்டிகளுக்கு, பக்கத்தில் நீங்கள் பார்த்த அந்த அழகான ஆண்தான் அப்பா என்று நம்ப முடியாது. உங்கள் முதல் ஈட்டுக்கே அப்பா யாரென்று உறுதியாகச் சொல்ல வழியில்லை.

பிரிப்பது எப்படி? பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு முறை குட்டிகளைப் பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் நான்கைந்து குட்டிகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். வயிற்றுக்குக் கீழே, ஆசனவாய்க்குப் பின்னால் இருக்கும் துடுப்பைக் கவனியுங்கள். பெண்ணில் அது சின்ன விசிறிபோல முக்கோணமாக விரிந்தே இருக்கும். ஆணில் முன்பக்க முட்கள் தடித்து, துடுப்பு ஒடுங்கி, சில நாட்களில் குச்சிபோல ஆகத் தொடங்கும். பெண்ணுக்கு அந்தத் துடுப்புக்குச் சற்று மேலே வயிற்றோரத்தில் ஒரு கருநிழல் தெரியும். அல்பினோ, அதாவது கருநிறமே இல்லாத சிவப்புக் கண் மீன்களில் அந்தக் கருப்பு தெரியாது, துடுப்பை வைத்துத்தான் சொல்ல வேண்டும். சந்தேகமாக இருப்பவற்றைப் பெண்கள் டப்பில் போடாதீர்கள். நான்கு வாரத்துக்குள் பிரிவினை முடிந்திருக்க வேண்டும். பெண்கள் டப்பில் ஒரே ஒரு ஆண் தவறி நின்று, அதை நீங்கள் தாமதமாகக் கண்டுபிடித்தால், அந்த டப் முழுவதையும் இனவிருத்திக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதுதான் நல்லது.

அடுத்து, மரபு. கப்பியில் ஆணுக்கு எக்ஸ், ஒய் என்ற இரண்டு குரோமோசோம்கள், பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். வண்ண மரபணுக்களில் பல இந்த எக்ஸிலும் ஒய்யிலும் உட்கார்ந்திருக்கின்றன. அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிற மரபுக்கு அறிவியலில் முதன்முதலாகக் கிடைத்த தெளிவான உதாரணங்களில் ஒன்றே கப்பிதான். டென்மார்க்கில் யோஹானஸ் ஷ்மிட், கப்பியின் முதுகுத் துடுப்பிலுள்ள ஒரு கரும்புள்ளி அப்பாவிடமிருந்து எல்லா மகன்களுக்கும் வருவதை 1920இல் எழுதினார். விலாங்கு மீன்கள் எங்கே முட்டையிடுகின்றன என்று கடல் கடலாகத் தேடிய அதே ஷ்மிட்தான். அடுத்து ஓய்விண்ட் விங்கே அந்தப் புள்ளி ஒய் குரோமோசோமில் இருப்பதை விளக்கினார்.

வீட்டில் வளர்ப்பவருக்கு இது எப்படிப் பயன்படும்? மாஸ்கோ என்ற கப்பி வகையின் உடல் நிறம் ஒய்யில் வருவது. கோப்ரா வகையின் பாம்புத்தோல் வரியும் பெரும்பாலும் அப்படித்தான். அப்பா மாஸ்கோ என்றால் மகன்களுக்கு அது வரும், தரம் முன்னே பின்னே இருக்கும். டக்சிடோ என்று நாம் சொல்கிற, உடம்பின் பின்பாதி கருப்பான வகை வேறு விதம். பல லைன்களில் அது எக்ஸில் இருக்கிறது. அப்படிப்பட்ட டக்சிடோ ஆணை, டக்சிடோ இல்லாத பெண்ணோடு சேர்த்தால் மகன் ஒருவனுக்கும் கருப்பு வராது, ஏனென்றால் மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய் மட்டும்தான். கருப்பு மகள்களிடம் போயிருக்கும், அந்த மகள்களின் ஆண் குட்டிகளில் ஏறக்குறையப் பாதியில் திரும்பி வரும். இது தெரியாமல், ‘நிறம் போச்சு’ என்று அந்த மகள்களை விற்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அல்பினோ இன்னும் எளிது. அது இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அல்பினோ ஆணைச் சாதாரணக் கண் உள்ள பெண்ணோடு சேர்த்தால் முதல் தலைமுறையில் ஒரு அல்பினோகூட வராது. அந்தக் குட்டிகளை அவற்றுக்குள்ளேயே சேர்த்தால் நாலில் ஒன்று சிவப்புக் கண்ணோடு பிறக்கும். முதல் ஈட்டைப் பார்த்துவிட்டு மனம் தளர வேண்டாம். துடுப்புகள் நாடாபோல நீளும் ரிப்பன் வகையில் வேறொரு தந்திரம் உண்டு. ரிப்பன் ஆணின் இனப்பெருக்கத் துடுப்பு மிக நீளமாக வளர்ந்துவிடுவதால் அதனால் சேர முடியாது. எனவே ரிப்பன் பெண்ணோடு, அதே ஈட்டில் பிறந்த சாதாரணத் துடுப்புள்ள சகோதரனைச் சேர்க்க வேண்டும். குட்டிகளில் பாதி ரிப்பனாக வரும்.

வால் அகலம், உடல் பருமன், சிவப்பின் அடர்த்தி இவையெல்லாம் ஒரே மரபணுவில் அடங்குவதில்லை. பல மரபணுக்கள் சேர்ந்து தருவது, அதில் பாதி அம்மாவிடமிருந்து வருகிறது. நம் ஊர் வளர்ப்பாளர்களிடம் நான் அதிகம் பார்க்கிற குறை இதுதான்: ஆணை அரை மணி நேரம் உற்றுப் பார்த்து எடுப்பார்கள், பெண்ணைக் கைக்கு வந்தபடி எடுப்பார்கள். பெண்ணில் நிறம் தெரியாததால் எல்லாப் பெண்ணும் ஒன்றுதான் என்று நினைப்பு. பெண்ணைப் பார்த்தே சொல்லக்கூடியவை சில உண்டு. வால் தொடங்கும் இடத்துக்கு முன்னால் உள்ள உடம்புக் கட்டை தடித்து, வலுவாக இருக்க வேண்டும். அகலமான வாலைத் தாங்கப் போகிற மகன்களுக்கு அந்தக் கட்டைதான் ஆதாரம். வால் துடுப்பு பெரிதாக, ஓரம் நேராக இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் முதுகெலும்பு நேர்கோடாக இருக்க வேண்டும்.

ஆனால் ஒரு பெண்ணின் உண்மையான மதிப்பு அதன் மகன்களில்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு பெண்ணும் போடும் குட்டிகளைத் தனி டப்பில் வளருங்கள். டப்பின் மேல் அம்மாவின் எண், அப்பாவின் எண், பிறந்த தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். நாலைந்து மாதத்தில் எந்த டப்பின் மகன்கள் ஒட்டுமொத்தமாக நன்றாக இருக்கிறார்களோ, அந்த டப்பிலிருந்து அடுத்த தலைமுறைப் பெண்களை எடுங்கள். சுமாரான இருபது ஆண்களுக்கு நடுவே ஒரு அட்டகாசமான ஆண் வந்த டப்பைவிட, இருபதில் பதினைந்து நன்றாக இருக்கும் டப்தான் எனக்கு முக்கியம். அந்த ஒற்றை ஆண் விலைக்குப் போகும், லைன் நிற்பது அந்தப் பதினைந்தின் சகோதரிகளால்.

ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. பத்துக் குட்டி உள்ள டப்பில் வளர்ந்த மீன், ஐம்பது குட்டி உள்ள டப்பில் வளர்ந்ததைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். அது மரபு காட்டும் வித்தியாசம் கிடையாது, சாப்பாடும் தண்ணீரும் காட்டும் வித்தியாசம். எல்லா டப்பிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை, ஒரே தீவனம், ஒரே அளவு தண்ணீர் மாற்றம் என்று வைத்தால்தான் நீங்கள் பார்ப்பது மரபு. சிவப்புக்கும் இது பொருந்தும். ஆரஞ்சு, சிவப்பு நிறத்தில் ஒரு பங்கு கரோட்டினாய்டு என்ற நிறப்பொருள். அதை மீனால் தானாகத் தயாரிக்க முடியாது, தீவனத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். கடையில் நிறமேற்றும் தீவனம் தின்று ஜொலித்த மீன் உங்கள் வீட்டில் மங்கினால், ஸ்பைருலினா என்ற பாசி சேர்ந்த தீவனமும் உயிர்த் தீவனமும் கொஞ்ச நாள் கொடுத்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

குட்டிகளுக்கு முதல் மாதம் ஆர்டீமியா, அதாவது முட்டையிலிருந்து நாமே பொரிக்கிற நுண்ணிய உப்புநீர் இறால், கொடுங்கள், இதில் மட்டும் செலவைப் பார்க்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல் உப்பு, விடாமல் காற்று, 28 டிகிரி வெப்பம் இருந்தால் சுமார் 24 மணி நேரத்தில் பொரிந்துவிடும். காற்றை நிறுத்தி ஒரு பக்கம் வெளிச்சம் காட்டினால் உயிருள்ளவை அங்கே கூடும், ஓடு மேலே மிதக்கும். குழாய்போட்டு உறிஞ்சி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்கலாம். மொய்னா என்ற நுண்ணிய நன்னீர் உயிரியை வளர்க்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. முட்டை மஞ்சள் கரு வேண்டாம், தண்ணீரை ஒரே நாளில் கெடுத்துவிடும்.

தண்ணீரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. கப்பிக்குக் கொஞ்சம் கடினத் தண்ணீர்தான் பிடிக்கும், பி.ஹெச். 7க்கு மேல் 8 வரை இருந்தால் சுகமாக வாழும். நம் போர் தண்ணீர் பெரும்பாலும் ஒத்துவரும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை மட்டும் பிடித்து வைத்து, காற்றோட்டம் கொடுத்து, மறுநாள் பயன்படுத்துங்கள். வெப்பத்தைத்தான் கவனிக்க வேண்டும். 24 முதல் 28 டிகிரி நல்லது. கோடையில் மொட்டை மாடி டப் 32 டிகிரியைத் தாண்டினால் மீன்கள் சீக்கிரம் பருவமடைந்து சிறுத்துப்போகும், ஆயுளும் குறையும். நிழல் வலை கட்டுங்கள்.

இனி, எத்தனை மீன்களை வைத்து லைனை நடத்துவது? இங்கே ஒரு கணக்கு உதவும். நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் ஒவ்வொரு தலைமுறையிலும் மரபு வேறுபாட்டில் எவ்வளவு இழக்கிறோம் என்பதைத் தோராயமாகக் கணக்கிடலாம்: ஆண்களின் எண்ணிக்கையை எட்டால் பெருக்கி ஒன்றை அதனால் வகுங்கள், பெண்களுக்கும் அதேபோல் செய்யுங்கள், இரண்டையும் கூட்டுங்கள். ஒரு ஆண், ஒரு பெண் என்றால் 25 சதவீதம். ஒரு ஆண், ஆறு பெண் என்றால் 14.6 சதவீதம். இரண்டு ஆண், இரண்டு பெண் என்றால் 12.5 சதவீதம்தான். ஏழு மீன் வைத்தவரைவிட நாலு மீன் வைத்தவர் குறைவாக இழக்கிறார்! மூன்று ஆண், ஆறு பெண் வைக்க முடிந்தால் 6.25 சதவீதத்துக்கு வந்துவிடும். ஆகவே ‘சூப்பர் ஆண்’ ஒன்றை வைத்து எல்லாப் பெண்களுக்கும் விடுகிற வழக்கத்தை நான் ஏற்பதில்லை. இரண்டாவது, மூன்றாவது சிறந்த ஆண்களுக்கும் தனித்தனி டப்பில் பெண்களைக் கொடுங்கள். ஈட்டில் குட்டி குறைவது, கூன் முதுகு கூடுவது, காரணமில்லாமல் குட்டிகள் சாவது இவையெல்லாம் உறவு இறுகிவிட்டதன் அடையாளங்கள்.

வீட்டு அளவில் ஒத்துவருவது இரண்டு கிளை முறை. ஒரே இடத்திலிருந்து ஒரு ட்ரையோ, அதாவது ஒரு ஆணும் இரண்டு பெண்களும் வாங்குங்கள். ஒரு பெண்ணின் வாரிசுகள் அ கிளை, இன்னொன்றின் வாரிசுகள் ஆ கிளை. நாலைந்து தலைமுறை தனித்தனியே நடத்திவிட்டு, அ கிளை ஆணை ஆ கிளைப் பெண்ணோடு சேர்த்தால் குட்டிகளில் தெம்பு திரும்பும், வகையும் சிதறாது. தலைமுறைக்கு ஏறக்குறைய நாலு மாதம், அதனால் வருடத்துக்கு மூன்று தலைமுறை கிடைக்கும். மீன்களைக் கழிப்பதை மூன்று கட்டமாக வையுங்கள்: முதல் வாரத்தில் ஊனமானவை, பிரிக்கும்போது வளர்ச்சி குன்றியவை, மூன்று மாதத்துக்கு மேல் நிறமும் வாலும் பார்த்து மீதி. எல்லோருக்கும் முன்னால் நிறம் காட்டி நிற்கிற ஆண் மீது கண் போகும், அதுதான் அந்தச் சீக்கிரம் பருவமடைகிற ரகம். கொஞ்சம் தாமதமாக வந்தாலும் பெரிதாக வருபவனுக்காகக் காத்திருங்கள். வால் முழுதும் விரிந்தபின் சேர முடியாமல் திணறும் என்பதால், நல்ல டப்பில் பிறந்த ஆணை மூன்றரை, நாலு மாதத்திலேயே பெண்ணோடு விட்டுவிடுவது அனுபவசாலிகளின் பழக்கம்.

கழித்த மீன்களில் நன்றாக நீந்துபவற்றைக் கடைக்கோ தெரிந்தவர்களுக்கோ கொடுக்கலாம். பிழைக்க வழியில்லாதவற்றுக்குக் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீர் வலியில்லாத முடிவு தரும். ஏரியிலோ வாய்க்காலிலோ மட்டும் விடவே விடாதீர்கள். கொசுவை ஒழிக்கும் என்று சொல்லி விடப்பட்ட கப்பிகள் ஏற்கனவே நம் நீர்நிலைகளில் பெருகி, நம் ஊர்ச் சின்ன மீன்களோடு இரைக்கும் இடத்துக்கும் போட்டி போடுகின்றன.

இப்போது உங்கள் புது ஆண் விஷயம். இருக்கிற தொட்டியில் அதை விட்டால் ஒன்றும் சரியாகாது, பெண்களின் உடம்பில் ஏற்கனவே விந்து இருக்கிறது. கடை ஆணின் மரபும் உங்களுக்குத் தெரியாது. எந்தப் புது மீனையும் மூன்று நாலு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். ஆசனவாயில் சிவப்பு நூல்போல ஏதாவது தொங்கினால் அது குடல் புழு, உங்கள் எல்லா டப்புக்கும் பரவிவிடும். நலமாக இருந்தால், சேராத இரண்டு பெண்களோடு தனி டப்பில் விட்டு, அந்தக் குட்டிகளையும் அவற்றின் குட்டிகளையும் பார்த்த பிறகுதான் லைனுக்குள் சேர்க்க வேண்டும். முதல் தலைமுறை அழகாக வந்துவிட்டு இரண்டாம் தலைமுறையில் சிதறுவது கலப்பில் சகஜம்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் புதிதாக ஒரு ட்ரையோவில் தொடங்குவேன். கடையைவிட, டப்களை நேரில் காட்டுகிற வளர்ப்பாளரிடம் வாங்குங்கள். சென்னைப் பக்கம் வர முடிந்தால் கொளத்தூரிலும் அதைச் சுற்றியும் அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆணைப் பார்த்ததோடு நிற்காமல் அதன் சகோதரர்களையும் அப்பாவையும் காட்டச் சொல்லுங்கள். பெண்கள் அதே லைனா, பிரித்து வளர்த்தவையா என்று கேளுங்கள். அதற்குள், இப்போது தொட்டியில் இருக்கிற மூன்று வாரத்துக்குக் குறைந்த குட்டிகளைத் தனி டப்பில் எடுத்து, டம்ளரில் பிடித்து ஆண் பெண் பார்க்கக் கண்ணைப் பழக்குங்கள். புது ட்ரையோவின் முதல் ஈடு பிறக்கும்போது அந்தப் பழக்கம் கைவசம் இருக்க வேண்டும்.